மூன்று கேள்விகளும் ஓர் இடது சப்பாத்தும்

1983 ஒக்டோபர்: கொழும்பிலிருந்து ரொறன்ரோ வந்து சேர்ந்தேன்.

1984 ஏப்ரல்: நகரின் கிழக்குப் பகுதியில் இயங்கிய தொழில்முறை உதைபந்தாட்டக் கழகம் ஒன்றில் இயன்மருத்துவராகப் பணியேற்றேன். அதே வாரத்தில் நெதர்லாந்து நாட்டுப் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் அக்கழகத்தில் சேர்ந்தார். வயது முப்பத்தொன்று.

1986 ஜூன்: அவருக்குத் தலையில் அடிபட்டது. தொடர்ந்து ஆடினார்.

1986 ஓகஸ்ட்: மீண்டும் அடிபட்டது. தொடர்ந்து ஆடினார்.

1987 செப்டம்பர்: மூன்றாவது தடவை அடிபட்டது. ஆட்டத்திலிருந்து எடுக்கப்பட்டார். அதன்பின் அவர் எந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை.

இந்த ஆண்டு மார்ச்: பிக்கரிங்கில், தம் மனைவி அருகிலிருக்கக் காலமானார்.

*

இளம் இயன்மருத்துவர்களாகிய உங்கள் ஒன்றுகூடலில் வந்து பேசும்படி கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு என்னால் அதிக நேரம் நின்று பேச இயலாது. ஆகவே எழுதித் தருகிறேன். நீங்கள் மார்க்கம் நகரிலும் ஒஷாவாவிலும் சொந்தக் கிளினிக் வைத்திருப்பவர்கள். வார இறுதிகளில் ஏதாவதொரு அணியின் பையைத் தூக்கிக்கொண்டு கோட்டோரத்தில் நிற்பவர்கள். கணுக்காலுக்கு என்ன செய்வது, தொடைத்தசை கிழிந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

ஒரு மனிதருடைய தலை மூன்று தடவை என் கைகளுக்கு வந்தது. ஒரு தடவைதான் அதை நான் சரியாகக் காத்தேன். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அவருடைய பெயரை இங்கே தவிர்க்கிறேன். பெயர் சொன்னாலும் உங்களில் எவருக்கும் தெரிந்திராது. தம் நாட்டில் பத்து ஆண்டுகள் ஆடியவர். தேசிய அணிக்கு ஒரு தடவைகூட அழைக்கப்படாதவர். முழங்கால் தளரத் தொடங்கியதும் கழகம் அவரை விடுவித்தது. அவர் மனைவி மரீக்காவையும் கூட்டிக்கொண்டு கனடாவுக்கு வந்தார். உயரமானவர், அவசரப்படாதவர். ஆட்டம் முடிந்து வரும்போது மற்றவர்களின் காற்சட்டைகள் சேறாக இருக்கும். அவருடையதில் கறை இராது. விழுந்து புரண்டு பந்தைத் தட்டுபவன் இரண்டு விநாடிக்கு முன்னரே ஒரு பிழை விட்டிருக்கிறான் என்பது அவருடைய கருத்து.

நாங்கள் பேசிக்கொண்டது ஆங்கிலத்தில். ஆனால் அதைத் தமிழில் எழுதும்போது, ஒத்த வயதுக்காரர்களிடையே யாழ்ப்பாணத்தில் புழங்கும் ‘நீர்’ என்ற விளியே எனக்குக் கைக்கு வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

முதற் பருவத்தில் ஒரு நாள் அவருடைய கெண்டைக்காலில் யாரோ மிதித்துவிட்டார்கள். நான் பையுடன் விழுந்தடித்து ஓடினேன். படுத்திருந்தபடியே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“உப்பிடி ஓடி வராதையும்,” என்றார். “நீர் ஓடி வந்தால் சனம் பயப்பிடும். சனம் பயந்தால் எனக்கு ஏதோ நடந்திட்டுது எண்டு நானும் நம்பிப்போடுவன். நடந்து வாரும்.”

கொழும்பிலும் இலண்டனிலும் ஆறு ஆண்டுகள் படித்தவன் நான். ஒருவரும் அதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அன்றிலிருந்து நடந்துதான் போனேன். அதை ஒரு பெரிய அறிவாகவே கருதி, பின்வந்த உதவியாளர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

1985இல் சின்னராசா எங்கள் கழகத்துக்கு வந்தார். ஊரில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு அகதியாக வந்தவர், நாற்பது வயது. ஆட்டக்காரரின் உடுப்பு, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவருடைய பொறுப்பு. ஆட்டம் நடக்கும்போது எங்கள் கோலுக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்துகளை எடுத்துக் கொடுப்பார். ஊரில் தாமும் பின்களத்தில் ஆடியவர் என்பதால் டச்சுக்காரருடைய ஆட்டத்தைக் கண்கொட்டாமல் பார்ப்பார். அவரை ‘ஒல்லாந்தர்’ என்றுதான் குறிப்பிடுவார்.

“எங்கடை யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டினவையின்ரை பூட்டப்பிள்ளைக்கு நான் சப்பாத்துத் துடைக்கிறன் அண்ணை,” என்றார் ஒரு நாள். “உதை ஊருக்கு எழுதினால் விழுந்து விழுந்து சிரிப்பினம்.”

நான் மொழிபெயர்த்தேன். டச்சுக்காரர் ஆர்வத்துடன் திரும்பினார்.

“அந்தக் கோட்டை இன்னும் நிக்குதோ எண்டு கேளும்.”

“நிக்குது, நிக்குது,” என்றார் சின்னராசா. “உள்ளுக்கை ஆமி, வெளியிலை இயக்கப் பெடியள். ஒருதராலையும் அசையேலாது.”

டச்சுக்காரர் சற்று யோசித்தார். “எங்கடை ஆக்களுக்குத் தடுக்கத் தெரியேல்லை. எதிராளி எந்த வழியாலை வருவான் எண்டு தெரிஞ்சால் அந்த வழியிலை போய் நிண்டால் போதும். மதில் என்னத்துக்கு?”

சின்னராசா அதைக் கேட்டுத் தலையாட்டினார். “மனிசன் சொல்லுறது சரிதான். ஆனால் முன்னூறு வருசம் பிந்திப்போச்சு எண்டு சொல்லுங்கோ.” மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவ்விருவருக்கும் இடையில் மொழி அதிகம் தேவைப்படவில்லை.

1986 ஜூனில் ஒரு கோணர் உதை. பந்தைத் தலையால் அடிக்க இருவர் எழுந்தார்கள். தலையும் தலையும் மோதின. டச்சுக்காரர் விழுந்தார். நான் நடந்து போனேன். அக்காலத்தில் கோட்டோரத்தில் கேட்பதற்கு மூன்று கேள்விகள் வைத்திருந்தோம். எங்கே நிற்கிறோம்? முதற்பாதியா, இரண்டாம் பாதியா? கோல் எத்தனைக்கு எத்தனை? மூன்றுக்கும் தயங்காமல் சரியாகச் சொன்னார். எழுந்து ஆடினார். ஆட்டம் முடிந்தபின் குளியலறையில் வாந்தி எடுத்தார். மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நானும் குறிப்பேட்டில் ‘வயிற்றுக் கோளாறு’ என்று எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து, உடுப்புத் தோய்க்கும் அறையில் காற்சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த சின்னராசா என்னைக் கூப்பிட்டார்.

“அண்ணை, ஒண்டு சொன்னால் கோவிக்க மாட்டியளே?”

“சொல்லும்.”

“அண்டைக்கு ஒல்லாந்தர் விழுந்து கிடக்கேக்கை, நீங்கள் வாறதுக்கு முதல் என்னைத்தான் பாத்தவர். ‘ஸ்கோர், ஸ்கோர்’ எண்டு கேட்டவர். நான் விரலாலை ரெண்டு, ஒண்டு எண்டு காட்டினனான். இது செக்கண்ட் ஹாஃப் எண்டும் சொன்னனான். முந்தியே சொல்லி வைச்சவர், தான் விழுந்தால் உதெல்லாம் சொல்லோணுமெண்டு. நான் அதை ஒரு உதவி எண்டுதான் நினைச்சனான்.”

“எவ்வளவு நேரம் பேசினீர்?”

“நேரம் இருந்தது அண்ணை,” என்றார் அவர், கள்ளமில்லாமல். “நீங்கள் நடந்துதானே வாறனீங்கள்.”

நான் அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்தேன். என் பெரிய அறிவு என்னவென்று அப்போது விளங்கியது.

மறுநாள் ஒஷாவாவில் ஒரு பாடசாலை நிகழ்ச்சிக்கு டச்சுக்காரரும் நானும் அவருடைய காரில் போய்த் திரும்பினோம். வழியில் கேட்டுவிட்டேன். அவர் மறுக்கவில்லை. கண்ணைத் தெருவிலிருந்து எடுக்காமல் சொன்னார்:

“முன்களத்திலை சிலபேர் எப்பவும் வலப்பக்கந்தான் வெட்டுவினம். அவையைத் தடுக்கிறது ஒரு வேலையே இல்லை. நீரும் அப்பிடித்தான். அதே மூண்டு கேள்வி, அதே ஒழுங்கு. நான் தடுக்காமல் விடுவனோ?”

“நடந்து வரச் சொன்னதும் இதுக்குத்தானோ?”

“முதல் நாள் சொல்லேக்கை இல்லை. பிறகு உதவியாப் போச்சுது.”

அவர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. பின்பு அவர் என்னிடம் ஒன்று கேட்டார். இன்னும் ஒரு பருவம், கூடினால் இரண்டு. அதற்குள் உண்மையிலேயே ஏதாவது பிசகினால் தாமே என்னிடம் வந்து சொல்வதாக வாக்குத் தந்தார். நான் ஒப்புக்கொண்டேன்.

இளம் சகாக்களே, என் பிழை அந்தக் காரில்தான் நடந்தது. அடிபட்ட மூளை, தனக்கு அடிபட்டதென்று தானே வந்து சாட்சி சொல்லும் என்று ஏற்றுக்கொண்டேன். அவர் கண்ணியமானவர், அதனால் அவருடைய வாக்கை நம்பினேன். கண்ணியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம்பக் கூடாதது அவருடைய நேர்மையை அல்ல. அந்நேரத்தில் அவருக்கு இருக்கக்கூடிய அறிவை.

ஓகஸ்டில் அது மறுபடி நடந்தது. எதிரணிக்காரரின் முழங்கை அவருடைய நெற்றிப்பொட்டில் பட்டது. நான் நடந்தேன். சின்னராசாவின் உதடு அசைந்து நிற்பதை என் கண்ணாலேயே கண்டேன். குனிந்து அதே மூன்று கேள்விகளைக் கேட்டேன். அவர் மூன்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். நிறுத்தினால், ஜூனிலிருந்து நான் மறைத்து வைத்திருந்ததையும் பயிற்றுநரிடம் சொல்லவேண்டி வரும். நான் கையை அசைத்து, அவர் ஆடலாம் என்று மத்தியஸ்தருக்குக் காட்டினேன்.

மீதி நேரம் முழுவதும் அவர் அற்புதமாக ஆடினார். கால்களுக்கு வேலை தெரிந்திருந்தது. வென்றோம். உடுப்பறையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எவருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

“நாங்கள் வெண்டிட்டமோ?”

“ஓம்,” என்றேன்.

அன்றைய குறிப்பேட்டில் ‘தொடர்ந்து ஆடத் தகுதியுடையவர்’ என்ற மூன்று சொற்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன.

அந்தக் குளிர்காலம் முழுவதும் தலைக்காயம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். அன்று கிடைத்தது சொற்பம். வசந்தம் வந்ததும் அவரிடம் சொன்னேன்: இனிமேல் அந்த மூன்று கேள்விகளையும் கேட்கமாட்டேன், எதைக் கேட்பேன் என்று முன்கூட்டியும் சொல்லமாட்டேன். அவர் புன்னகைத்தார். “இப்பதான் இடப்பக்கமும் வெட்டப் பழகுறீர்,” என்றார். சின்னராசாவையும் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்.

“இனிமேல் அவர் கேட்டால் நீர் சொல்லக் கூடாது.”

“அவர் என்னைப் பாத்தால் என்னண்டு அண்ணை சொல்லாமல் விடுறது? பாவம், மனிசன் விழுந்து கிடப்பார்.”

“பாக்காமல் விடும்.”

1987 செப்டம்பர். பருவத்தின் இறுதி ஆட்டம். சமநிலையில் முடித்தாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடுவோம். அக்காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரைத்தான் மாற்றலாம். இருவரையும் மாற்றி முடித்துவிட்டோம். இருபது நிமிடம் மிச்சமிருக்க, எங்கள் கோலுக்கு முன்னால் அவர் பந்தைத் தலையால் அடிக்க எழுந்தார். கீழே வரும்போது கோல் கம்பத்தில் தலை மோதியது.

அன்று நான் ஓடினேன்.

ஓடும்போதே பார்த்தேன்: அவர் கையை ஊன்றிக்கொண்டு கோலின் பின்பக்கம் திரும்பினார். சின்னராசா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இல்லாத ஒரு பந்தைப் புல்லுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

அன்று காலையில் டச்சுக்காரர் மரீக்காவின் தோட்டத்தில் விளைந்த தக்காளிப் பழங்களைக் கடதாசிப் பையில் கொண்டுவந்து எனக்குத் தந்திருந்தார். நான் அவருக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டுக் கேட்டேன்:

“இண்டைக்குக் காலமை எனக்கு என்ன கொண்டுவந்து தந்தனீர்?”

அவர் மிகுந்த கவனத்துடன் யோசித்தார். பிறகு, என்னை ஏமாற்ற விரும்பாதவர்போல மரியாதையாகச் சொன்னார்:

“பந்து.”

நான் மத்தியஸ்தரிடம் அவர் தொடரமாட்டார் என்று சொன்னேன். பயிற்றுநர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

“மாத்த ஆளில்லை. உமக்கு அது தெரியுமோ?”

“தெரியும்.”

“எழும்பி நிக்கிறான். பாரும், தானே நிக்கிறான்.”

உண்மைதான். அவர் எழுந்து நின்று சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தணிந்த குரலில், “இருவது நிமிசந்தானே. விடும்,” என்றார். நாலு ஆண்டுகளில் அவர் என்னிடம் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

கழக விதிப்படி இறுதி முடிவு பயிற்றுநருடையது. என்னிடம் எந்த அதிகாரமும் இருக்கவில்லை. ஆகவே நான் குனிந்து, அவருடைய இடது சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தேன். காலைத் தூக்கச் சொன்னேன். பல ஆண்டுப் பழக்கத்தில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினார். சப்பாத்தைக் கழற்றி, பக்கத்தில் வந்து நின்ற சின்னராசாவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு உடுப்பறையை நோக்கி நடந்தார்.

சப்பாத்து இல்லாதவரை எந்த மத்தியஸ்தரும் ஆடவிடமாட்டார். பயிற்றுநர் சின்னராசாவின் முதுகைப் பார்த்துக் கத்தினார். சின்னராசா திரும்பவில்லை. “எனக்கு இங்கிலீசு விளங்காதெண்டு விட்டிட்டன்,” என்றார் பிற்பாடு. “அவர் கத்தினது சப்பாத்தைப் பற்றி எண்டு எனக்கென்னண்டு தெரியும்?”

பத்துப் பேருடன் ஆடித் தோற்றோம். கோல் விழுந்த இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

“அந்த இடத்திலைதான் ஒல்லாந்தர் நிண்டிருப்பார் அண்ணை,” என்றார் சின்னராசா.

“ஓம்.”

அடுத்த பருவத்துக்கு என்னையோ சின்னராசாவையோ கழகம் அழைக்கவில்லை. டச்சுக்காரர் ஓய்வு பெற்று, பிக்கரிங்கில் ஒரு பாடசாலையின் மைதானப் பராமரிப்பாளரானார். ஓராண்டு காலம் என்னுடன் பேசவில்லை. பிறகு ஒரு நாள், ஒன்றும் நடவாததுபோல, மரீக்காவுடன் எங்கள் வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். இடியப்பத்தைக் கரண்டியால் உண்ண முயன்று தோற்று, கடைசியில் கையால் சாப்பிட்டார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நாங்கள் அந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசவே இல்லை. மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

அறுபதைக் கடந்ததும் அவருக்குச் சொற்கள் தவறத் தொடங்கின, பின்பு வழிகள், பின்பு முகங்கள். எதனால் என்று மருத்துவர்கள் உறுதியாகச் சொல்லவில்லை. வாசித்தவரையில் நானும் சொல்ல இயலாது. இயலாது என்பதை ஓர் ஆறுதலாக எடுத்துக்கொள்ளவும் எனக்கு உரிமையில்லை.

சென்ற மாதம் ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் உங்களில் ஒருவர் தொலைபேசியில் பேசினார். “இப்ப புரோட்டோகோல் இருக்குத்தானே அங்கிள். சீசன் தொடங்க முதலே, மூளை நல்லா இருக்கேக்கை, பேஸ்லைன் டெஸ்ட் எடுத்து வைச்சிடுவம். ஆனா சில ப்ளேயர்ஸ் அதிலையே வேணுமெண்டு பிழையாச் செய்யினம். அப்பதானே அடிபட்ட பிறகும் மார்க்ஸ் குறையாது. யூ நோ, தே ஆர் ஸ்மார்ட்.”

ஓம், கெட்டிக்காரர்கள். தடுப்பதே அவர்களுடைய தொழில். உங்கள் கேள்வித்தாள் எத்தனை நல்லதானாலும் அது எந்தப் பக்கம் வெட்டும் என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்காக அவர்களை வெறுக்காதீர்கள். தமக்கு மிகப் பிரியமான ஒன்றை இருபது நிமிடத்துக்கு நீட்டித் தரும்படி கேட்கிறார்கள். அந்தக் கெஞ்சலை முழுவதும் கேளுங்கள். கேட்டுக்கொண்டே நாடாவை அவிழ்த்துவிடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யலாம். எனக்கு அது தெரியவரத்தான் தாமதமாகிவிட்டது.

இறுதிச் சடங்கில் மரீக்கா என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு, “அவரை நிப்பாட்டினது நீங்கள் ஒராள்தான்,” என்றார். மண்டபத்தில் இருந்தவர்கள் என்னை நன்றியுடன் பார்த்தார்கள். நான் தலைகுனிந்து நின்றேன். அது தன்னடக்கம் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

*

இன்னும் செய்யாதவை:

அவருடைய மருத்துவப் பதிவுகளை ஆய்வாளர்களிடம் கொடுக்க மரீக்கா தீர்மானித்திருக்கிறார். 1986ஆம் ஆண்டுக் குறிப்பேட்டை அவற்றுடன் சேர்த்துக் கொடுக்கவேண்டும். ‘வயிற்றுக் கோளாறு’ என்ற பதிவை அடிக்காமல், அதன் கீழே உண்மையை இன்றைய திகதியிட்டு எழுதவேண்டும்.

சின்னராசா இறுதிச் சடங்குக்கு வரவில்லை. “நான் விரல் காட்டினதாலையோ அண்ணை?” என்று தொலைபேசியில் ஒரு தடவை கேட்டார், நான் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டார். நேரில் போய்ப் பதில் சொல்லவேண்டும்.

மரீக்காவிடம் ஓகஸ்ட் மாத ஆட்டத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இதற்காகவே மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் தேநீர் ஊற்றி, தம் கணவர் வழக்கமாக உட்கார்ந்த நாற்காலியில் என்னை இருத்திவிட்டார். அடுத்த தடவை வாசலில் நின்றபடியே, கோட்டைக் கழற்றுமுன் சொல்லவேண்டும்.